திரைப்படங்களில் தகவல் பிழைகளும் காலமுரண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலமுரண் என்பது எது? தகவல் பிழையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

கதை நடக்கும் காலத்தில் இருந்திருக்க முடியாத ஒன்று திரையில் வந்துவிட்டால் அது காலமுரண். அது ஒரு பொருளாக இருக்கலாம், ஒரு சொல்லாக இருக்கலாம், சுவரில் தொங்கும் வரைபடத்தில் ஒரு நாட்டின் பெயராகவும் இருக்கலாம். தகவல் பிழை என்பது இதைவிட அகன்றது. எந்தக் காலத்திலும் உண்மையாக இராத ஒன்றை உண்மைபோல் காட்டுவதும் அதில் அடங்கும். சினிமா பிறப்பதற்கு வெகு முன்பே நாடக மேடையில் இந்த வழக்கம் இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் கடிகாரம் மூன்று மணி அடிக்கிறது. சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44இல், மணி அடிக்கும் இயந்திரக் கடிகாரங்கள் ஐரோப்பாவில் தோன்றியதோ அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான்.

இந்தப் பிழைகளைத் தரம் பிரிக்க நம் இலக்கணத்திலேயே நல்ல கருவி இருக்கிறது. விதி தவறியது வழு. தவறிய போதிலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. 'நேற்று வருவான்' என்பது காலவழு. இன்னும் வீட்டை விட்டே கிளம்பாதவர் 'இதோ வந்துவிட்டேன்' என்பது விரைவு பற்றி வந்த கால வழுவமைதி. திரைப்படத்திலும் இதே இரண்டு வகை உண்டு. ஒரு பிழையைக் கண்டவுடன் அது வழுவா, வழுவமைதியா என்று முதலில் கேட்டுக்கொள்வது பல வீண் வாதங்களைத் தவிர்க்கும்.

தொடர்ச்சிப் பிழைகளையும் இதில் சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது. 'பிரெட்டி வுமன்' படத்தின் காலை உணவுக் காட்சியில் கதாநாயகியின் கையில் இருந்த குரோசான் அடுத்த ஷாட்டில் பான்கேக்காக மாறிவிடுகிறது. 1959இல் வந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் துப்பாக்கி வெடிப்பதற்குச் சில விநாடிகள் முன்பே பின்னால் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவன் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். இவை படப்பிடிப்பின் பிழைகள். படத்துக்கு வெளியே உள்ள உலகைப் பற்றி இவை தவறாக எதையும் சொல்வதில்லை. யாரும் இவற்றைப் பார்த்து வரலாற்றையோ அறிவியலையோ தவறாகப் புரிந்துகொள்ளப் போவதும் இல்லை.

காலமுரண்கள் எங்கே அதிகம் ஒளிந்திருக்கும்?

பெரிய பொருள்களில் அல்ல. யாரும் இருமுறை யோசிக்காத பொருள்களில்தான். மாளிகையையும் போர்க்கப்பலையும் கலை இயக்குநர் பல மாதம் ஆராய்ந்து அமைத்திருப்பார். ஆனால் இறந்தவரின் கண்மீது வைக்கும் காசு அவருடைய பட்டியலிலேயே வந்திருக்காது. 2004இல் வெளியான 'டிராய்' படத்தில் சிதையில் கிடத்தப்பட்ட வீரர்களின் கண்கள்மீது நாணயங்கள் இருக்கின்றன. டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலம் ஏறத்தாழ கி.மு. 1200, அச்சடித்த நாணயம் லிடியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) தோன்றியது கி.மு. 7ஆம் நூற்றாண்டளவில். அந்த வீரர்களுக்குக் காசு என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது.

இசைக்கருவிகளும் அப்படித்தான். 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் 1955ஆம் ஆண்டு நடக்கும் பள்ளி நடன விழாவில் கதாநாயகன் வாசிப்பது கிப்சன் இஎஸ்-345 கிட்டார். அந்த மாடல் 1958இல்தான் விற்பனைக்கு வந்தது. 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' கதை நடப்பது 1936இல். விமானப் பயணத்தைக் காட்டும் வரைபடத்திலோ 'தாய்லாந்து' என்று எழுதியிருக்கிறது. சயாம் என்ற பெயரை அந்த நாடு மாற்றிக்கொண்டது 1939இல். அமெரிக்கக் கொடி வரும் காட்சிகளில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்: 1912 முதல் 1959 வரை 48, அதன்பின் ஓராண்டு மட்டும் 49, 1960 ஜூலை 4 முதல் 50.

பண்டைய போர்க்களக் காட்சியில் நான் முதலில் பார்ப்பது குதிரைச் சேணத்தின் பக்கவாட்டை. ரோமானியர்களுக்கு அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதி) தெரியாது. அது ஐரோப்பாவுக்கு வந்ததே 6, 7ஆம் நூற்றாண்டுகளில். ஆனாலும் ரோமானியக் கதைகளைச் சொல்லும் படங்களில் வீரர்களின் கால் பெரும்பாலும் அங்கவடியில்தான் இருக்கிறது. உணவு மேசையும் கவனிக்க வேண்டிய இடம். உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், மிளகாய் ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த 1492க்கு முந்தைய ஐரோப்பிய, ஆசியக் கதைகளில் இவற்றுக்கு இடமில்லை.

இத்தனை பேர் வேலை செய்தும் இவை எப்படி நழுவிப் போகின்றன?

பல நேரங்களில் நழுவிப் போவதில்லை, தெரிந்தே விடப்படுகின்றன. அங்கவடியையே எடுத்துக்கொள்வோம். பழக்கமில்லாத ஒரு நடிகரை, கால் ஊன்ற எதுவும் இல்லாமல், நூறு குதிரைகள் சேர்ந்து ஓடும் கூட்டத்தில் ஏற்றிவிடுவது உயிருக்கு ஆபத்து. வரலாற்று ஆலோசகர் ஆட்சேபித்தாலும் சண்டைப் பயிற்சியாளரின் சொல்தான் எடுபடும், அது எடுபடுவதுதான் நியாயமும்கூட.

கிடைக்காத பொருள் என்பது இன்னொரு காரணம். 1965இல் வெளியான 'பேட்டில் ஆஃப் தி பல்ஜ்' படம் 1944 டிசம்பரில் ஆர்டென் காடுகளில், பனிக்கும் மூடுபனிக்கும் இடையில் நடந்த போரைச் சொல்கிறது. படம் பிடித்ததோ ஸ்பெயினில். அதன் உச்சகட்ட டாங்கிப் போர் காய்ந்த வெட்டவெளியில் நடக்கிறது. ஜெர்மானியரின் கிங் டைகர் டாங்கிகளாக வருபவை ஸ்பானிய ராணுவத்திடம் இருந்த, போருக்குப் பின் தயாரான அமெரிக்க எம்47 டாங்கிகள். அந்தப் போர்முனைக்கே தலைமைத் தளபதியாக இருந்த ஐசனோவர் படத்தின் பிழைகளைக் கண்டித்துப் பகிரங்கமாகப் பேசினார். ஐந்தாண்டுகள் கழித்து வந்த 'பேட்டன்' படத்துக்கும் அதே ஸ்பானிய டாங்கிகள்தான் கிடைத்தன. அந்த வகை டாங்கிகளுக்குப் பெயரே பேட்டன். படம் யாருடைய கதையைச் சொல்கிறதோ அந்தத் தளபதியின் நினைவாக, அவர் இறந்தபின் வைக்கப்பட்ட பெயர் அது.

நிலைமை பிற்காலத்தில் மாறியிருக்கிறது. 2014இல் 'ஃபியூரி' படத்துக்காக இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் தன்னிடமிருந்த டைகர் 131ஐக் கொடுத்து உதவியது. 1943இல் துனிசியாவில் கைப்பற்றப்பட்ட, இன்றும் ஓடக்கூடிய அசல் டைகர் டாங்கி அது. அந்தக் காட்சியில் இரும்புச் சங்கிலி மண்ணைக் கிழித்துக்கொண்டு திரும்பும் விதத்தைப் பார்க்கும்போது, மாற்றுப் பொருளுக்கும் அசலுக்கும் உள்ள வேறுபாடு விளக்கமில்லாமலே புரிகிறது.

மூன்றாவது காரணம் கதையாசிரியரின் மேசையிலேயே உண்டாகிறது. திரைக்கதையில் எழுதப்பட்டுவிட்ட பிழையைத் திருத்துவது கடினம். கலை, உடை, லொக்கேஷன் என்று எல்லாத் துறைகளும் அதை உண்மையாக எடுத்துக்கொண்டு அதன்மேல் வேலையைக் கட்டிவிடுகின்றன.

வானத்தில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிக்க வானியல் படித்திருக்க வேண்டுமா?

அமாவாசை, பௌர்ணமி கணக்கு தெரிந்தாலே போதும். சூரிய கிரகணம் அமாவாசையன்று மட்டுமே நிகழும், ஏனென்றால் நிலவு சூரியனுக்கும் நமக்கும் நடுவில் வந்தாக வேண்டும். முழுநிலவு வர அதிலிருந்து ஏறத்தாழ 15 நாள் ஆகும். 'அப்போகாலிப்டோ' படத்தில் பகலில் முழுச் சூரிய கிரகணம் வருகிறது. அன்றிரவே வானில் முழுநிலவு. கதையின் திருப்பமே கிரகணத்தில் இருப்பதால் இதைச் சின்னப் பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பிறை நிலவு இன்னும் எளிது. மெல்லிய வளர்பிறை மாலையில் மேற்கே தெரிந்து, இருட்டியதும் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். மெல்லிய தேய்பிறை விடியலுக்குச் சற்று முன்புதான் கிழக்கே எழும். ஆகவே நள்ளிரவு என்று சொல்லிவிட்டு உச்சிவானில் நகக்கீற்றுப் பிறையைக் காட்டினால் அது தவறு. பிறையின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நட்சத்திரம் மின்னினால் அதுவும் தவறு. அங்கே இருப்பது வெற்றிடமல்ல, ஒளி படாத நிலவின் உடல். அதைத் துளைத்துக்கொண்டு நட்சத்திர ஒளி வர முடியாது.

சூரியனிலும் பிழை வந்திருக்கிறது. வியட்நாம் போரைப் பற்றிய 'தி கிரீன் பெரேஸ்' என்ற 1968ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் சூரியன் தென்சீனக் கடலில் மறைகிறது. அந்தக் கடல் வியட்நாமுக்குக் கிழக்கே இருக்கிறது.

எல்லாவற்றிலும் நுட்பமானது 'டைட்டானிக்' படத்தின் வானம். கப்பல் 1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கியது. இடம் தெரியும், தேதி தெரியும், நேரம் தெரியும், அன்று நிலவில்லை என்பதும் தெரியும். ஆகவே தலைக்கு மேல் எந்த நட்சத்திரங்கள் இருந்தன என்பதைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். 1997 படத்தில் மரப்பலகையில் மிதக்கும் கதாநாயகி அண்ணாந்து பார்க்கும் வானம் அந்த வானமல்ல. போதாக்குறைக்கு அதன் ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடிப் பிம்பமாக இருந்தது. வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இதைப் பலமுறை எடுத்துச் சொன்னார். 2012இல் படம் மறுவெளியீடு ஆனபோது இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் சரியான விண்மீன் அமைப்பைக் கேட்டு வாங்கி அந்த ஷாட்டை மாற்றினார்.

ஒலியிலும் காலமுரணும் தகவல் பிழையும் இருக்குமா?

ஏராளமாக இருக்கின்றன, கவனிப்பவர்கள்தான் குறைவு. நம் இலக்கணம் மரபு வழு என்று ஒன்றைச் சொல்கிறது: குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், மாற்றிச் சொன்னால் வழு. ஹாலிவுட் படங்களில் அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு பறக்கும்போதெல்லாம் கேட்கும் நீண்ட, கரகரத்த வீறிடல் அந்தக் கழுகின் குரலே அல்ல. உண்மையில் அதன் குரல் மெல்லிய கீச்சொலிகளின் வரிசை. உருவத்துக்குச் சற்றும் பொருந்தாதது. ஒலிப்பதிவில் சேர்ப்பது செவ்வால் பருந்தின் குரல். அதேபோல் ஆப்பிரிக்கக் காடு என்று காட்டும் பழைய டார்ஜான் படங்களில் பின்னணியில் குரங்குச் சிரிப்புபோலக் கேட்பது குக்கபரா என்ற ஆஸ்திரேலியப் பறவை. ஆப்பிரிக்காவில் அது இல்லவே இல்லை.

விண்வெளியில் குண்டு வெடிக்கும் ஓசை எல்லோருக்கும் தெரிந்த பிழை; ஒலி பரவக் காற்றோ வேறு ஊடகமோ வேண்டும். 1968இலேயே '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' இந்த நிசப்தத்தை மதித்தது.

அறிவியல் பிழைகளில் எவை மிகுதியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன?

மருத்துவக் காட்சிகளில் வருபவை. திரையில் இதயத் துடிப்புக் கோடு நேராகிவிட்டதும் மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார், நோயாளி எழுகிறார். உண்மையில் அந்தக் கருவி தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்கானது. முற்றிலும் நின்றுபோன துடிப்புக்கு மின்னதிர்ச்சி தருவதில்லை. மார்பை அழுத்தும் முதலுதவியும் மருந்தும்தான் வழி. குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையால் ஒருவர் இரண்டு விநாடியில் மயங்கி விழுவதும் நடக்காது, அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். புதைமணல் மனிதரைத் தலைவரை விழுங்காது. அதன் அடர்த்தி மனித உடலின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் இடுப்பளவில் மிதக்கத்தான் முடியும். மனிதர் மூளையில் 10 சதவீதத்தை மட்டுமே பயன்படுத்துகிறார் என்ற நம்பிக்கைமீது 2014இல் வந்த 'லூசி' முழுவதுமே கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

விண்வெளிப் படங்களில் 'கிராவிட்டி'யைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பல நுணுக்கங்களில் மிகச் சரியான படம். ஹப்பிள் தொலைநோக்கியில் பழுது பார்ப்பவர்கள் விபத்துக்குப் பின் முதுகில் மாட்டிய உந்துகருவியுடன் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. படம் வந்த 2013இல் ஹப்பிள் சுற்றியது அதைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில், 28.5 பாகைச் சாய்வில். உயரத்தைவிடச் சாய்வுதான் சிக்கல். அந்த வேறுபாட்டை ஈடுகட்டக் குறைந்தது விநாடிக்கு 3 கிலோமீட்டர் அளவுக்கு வேகமாற்றம் தேவை. நாசா உண்மையில் பயன்படுத்திய முதுகுக் கருவியால் தர முடிந்தது விநாடிக்கு 25 மீட்டர் அளவுதான். இந்த ஒரு பிழை இல்லாவிட்டால் கதையே இல்லை. 'தி மார்ஷியன்' கதையில் விண்கலத்தைச் சாய்க்கும் செவ்வாய்க் கிரகப் புயலும் அவ்வகைதான். அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே எத்தனை வேகமாக வீசினாலும் இளங்காற்றுபோலத்தான் மேலே படும். அதை எழுதிய ஆண்டி வியர், தெரிந்தேதான் அப்படி எழுதியதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை நான் வழுவமைதி என்று ஏற்கிறேன்.

படம் வெளிவந்த பிறகு அறிவியல் மாறினால் அந்தப் படத்தைப் பிழையுள்ளது என்று சொல்லலாமா?

சொல்வது நேர்மையல்ல. 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் வெலாசிராப்டருக்கு இறகு இல்லை. இறகுத் தடத்துடன் சைனோசாரப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் புதைபடிவம் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது 1996இல். வெலாசிராப்டரின் முன்கை எலும்பிலேயே இறகு பொருந்திய முடிச்சுகளை அடையாளம் கண்டது 2007இல். அன்று யாருக்கும் தெரியாததை அந்தப் படக்குழு எப்படிக் காட்டியிருக்க முடியும்? அதே விலங்கின் உருவ அளவு வேறு விஷயம். அது ஏறத்தாழ ஒரு வான்கோழியின் உயரமே உடையது என்பது படம் எடுக்கும்போதே தெரிந்திருந்தது. மனித உயரத்துக்கு அதைப் பெரிதாக்கியது தெரிந்து செய்த மாற்றம்.

பேச்சில் வரும் காலமுரண்களை எப்படி மதிப்பிடுவது?

வரலாற்றுப் படத்தின் மொழி எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பே. ரோமானியர் இன்றைய ஆங்கிலம் பேசுவதைப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தையே பேசுவதாகப் பாவனை செய்யும் படத்தில் 'ஓகே' என்ற சொல் வந்தால், அது அச்சில் முதன்முதலாகத் தென்பட்ட ஆண்டு 1839 என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேண்டுமென்றே காலமுரணைப் பயன்படுத்தும் படங்களைப் பற்றி என்ன சொல்வது?

2001இல் வெளியான 'எ நைட்ஸ் டேல்' படத்தில் 14ஆம் நூற்றாண்டுப் போட்டிக் களத்தில் கூடியிருக்கும் மக்கள் குவீன் இசைக்குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாடலுக்குக் கைதட்டித் தாளம் போடுகிறார்கள். 2006இல் வந்த 'மேரி அன்டோனெட்' படத்தில் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசியின் காலணிக் குவியலுக்கு நடுவே ஒரு ஜோடி கான்வர்ஸ் ஷூ கிடக்கிறது. அவள் ஒரு பதின்வயதுப் பெண் என்பதை அந்த ஷூ அரை விநாடியில் சொல்லிவிடுகிறது. படம் தன் பார்வையாளரிடம் எதையும் மறைக்கவில்லை என்பதால் இவற்றை வழு என்று கொள்ள இடமில்லை.

கதைக்காக வரலாற்றை மாற்றுவது தவறா? எந்தப் பிழைதான் உண்மையில் கனமானது?

மாற்றத்தின் அளவைவிட, அது யார் தலையில் விழுகிறது என்பதையே நான் பார்ப்பேன்.

'பிரேவ்ஹார்ட்' படத்தில் பிழைகள் மலிந்திருக்கின்றன. படத்தின் நாயகனான ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் தூக்கிலிடப்பட்ட 1305இல் இளவரசி இசபெல்லாவுக்கு ஏறத்தாழ பத்து வயது. அவர் அப்போது பிரான்சில் இருந்தார், இங்கிலாந்துக்கு வந்ததே 1308இல். படமோ இருவரையும் காதலர்களாக்கிக் குழந்தையையும் தந்துவிடுகிறது. வீரர்கள் உடுத்தியிருக்கும் மடிப்புச் சுற்றாடை அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த உடை. 1297இல் நடந்த ஸ்டர்லிங் பாலப் போரைப் படம் பாலமே இல்லாமல் காட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. குறுகலான அந்த மரப்பாலத்தை ஆங்கிலப் படையில் ஒரு பகுதி மட்டும் கடந்திருந்த வேளையில் பாய்ந்ததால்தான் ஸ்காட்லாந்துப் படை வென்றது. பாலத்தை எடுத்துவிட்டால் அந்த வெற்றியின் அறிவே போய்விடுகிறது.

'அமேடியஸ்' படம் இசைமேதை மோட்சார்ட்டின் சாவுக்கு அவர் காலத்து இசையமைப்பாளரான சாலியேரியைப் பொறுப்பாக்குகிறது. 1791இல் மோட்சார்ட் இறந்ததில் சாலியேரிக்குப் பங்கு இருந்ததற்குச் சான்று இல்லை. பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் லிஸ்ட்டுக்கும், மோட்சார்ட்டின் சொந்த மகனுக்கும்கூட, ஆசிரியராக இருந்தவர் அவர். இன்று உலகில் பெரும்பாலோர் அவரை அறிவதே பொறாமைக்காரராகத்தான்.

2000இல் வந்த 'யு-571' இன்னும் கனமானது. ஜெர்மானிய நீர்மூழ்கியிலிருந்து எனிக்மா மறைகுறி இயந்திரத்தை அமெரிக்கக் கடற்படையினர் கைப்பற்றுவதாகக் கதை. உண்மையில் 1941 மே 9 அன்று யு-110இலிருந்து அதை எடுத்தவர்கள் பிரிட்டனின் 'புல்டாக்' கப்பலைச் சேர்ந்தவர்கள்; அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. 1942 அக்டோபர் 30 அன்று மூழ்கிக்கொண்டிருந்த யு-559க்குள் இறங்கிக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்த டோனி ஃபாசனும் காலின் கிரேசியரும் அந்தக் கப்பலோடு மூழ்கி இறந்தார்கள். அவர்கள் மேலே அனுப்பிய புத்தகங்கள் பின்னர் ஜெர்மானியக் குறியீட்டை உடைக்க உதவின. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தப் படத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, அது அந்த மாலுமிகளுக்கு இழைத்த அவமதிப்பு என்பதைப் பிரதமர் டோனி பிளேர் ஏற்றுக்கொண்டார். உயிர் கொடுத்துச் செய்த செயலை இன்னொருவர் கணக்கில் எழுதுவதைக் கற்பனைச் சுதந்திரம் என்று என்னால் கருத முடியவில்லை.

'உண்மைக் கதை' என்று படத்தின் தொடக்கத்தில் போட்டால் அதை நம்பலாமா?

அந்த வரிக்குப் பின்னால் உறுதிப்பாடு ஏதும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1996இல் வெளியான 'ஃபார்கோ' தன்னை உண்மைச் சம்பவம் என்றே அறிவித்துக்கொள்கிறது, கதையோ கற்பனை.

அதற்கு நேர்மாறான அறிவிப்பின் வரலாறு இன்னும் சுவையானது. 'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்ற வரி இத்தனை படங்களில் இடம்பெறக் காரணம் 1932இல் வந்த 'ரஸ்புடின் அண்ட் தி எம்பிரஸ்' என்ற எம்ஜிஎம் படம். ரஷ்ய அரச குடும்பத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த சாமியார் ரஸ்புடினை 1916இல் கொன்றவர்களில் ஒருவரான இளவரசர் யூசுபோவ் அப்போது உயிரோடு இருந்தார். படம் பெயரை மாற்றியிருந்தாலும் அவரையும் அவர் மனைவி இரினாவையும் யாரும் அடையாளம் காண முடிந்தது. அந்த இளவரசியை ரஸ்புடின் கெடுத்ததாகவும் படம் காட்டியது. இரினா லண்டனில் வழக்குத் தொடுத்தார். 1934இல் 25,000 பவுண்டு இழப்பீடு பெற்றார். உண்மை நிகழ்வுகளைச் சொல்வதாகப் படமே அறிவித்திருந்தது வழக்கில் அதற்கு எதிராகத் திரும்பியது. அதன் பிறகே அந்த மறுப்பு வரி எங்கும் பரவியது.

பிழை என்று தெரிந்து பார்த்தால் பாதிப்பு இருக்காதல்லவா?

பொதுவாகத் தெரிந்திருப்பது போதாது. 2009இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில் மாணவர்கள் வரலாற்று நிகழ்வுகளைப் பற்றிய சரியான கட்டுரைகளைப் படித்ததோடு, அவற்றைச் சித்திரிக்கும் படக் காட்சிகளையும் பார்த்தார்கள். படமும் பாடமும் ஒத்துப்போன இடங்களில் நினைவு வலுப்பட்டது. முரண்பட்ட இடங்களில் பலர் படத்தில் இருந்த தவறையே சரியான விடையாக எழுதினார்கள். படங்களில் பிழை இருக்கலாம் என்று பொதுவாக எச்சரித்தது அவ்வளவாகப் பயன்படவில்லை. இன்ன காட்சியில் இன்னது தவறு என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பயன்பட்டது. பிழைகளை ஒவ்வொன்றாக, விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பரவலாகச் சொல்லப்படும் பிழைகள் எல்லாம் உண்மையில் பிழைகள்தானா?

இல்லை. 1959ஆம் ஆண்டு 'பென்-ஹர்' படத்தின் தேர்ப் பந்தயத்தில் ஒரு சண்டைக் கலைஞர் இறந்துவிட்டதாகவும், அது படத்திலேயே இருப்பதாகவும் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பந்தயக் காட்சியில் எவரும் இறக்கவில்லை.

சரியானது தவறாகத் தோன்றுவதும் உண்டு. டிஃபனி என்ற பெயர் நமக்கு மிக நவீனமாகக் கேட்கிறது, ஆனால் அது 12ஆம் நூற்றாண்டு முதலே ஐரோப்பாவில் பெண்களுக்கு வைத்த பெயர். கிரேக்க, ரோமானியச் சிலைகள் வெண்பளிங்காக இல்லாமல் அழுத்தமான வண்ணங்களில் தீட்டப்பட்டிருந்தன. அதை அப்படியே காட்டும் படத்தைத்தான் பார்வையாளர் சந்தேகிப்பார். கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசமோ இதற்கு மறுதலை. 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்காக வடிவமைத்த உடைகளிலிருந்து பரவிய அது, இன்று உண்மைபோல் நிலைத்துவிட்டது.

ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் அதை எப்படி எழுத வேண்டும்?

காட்சி எது, திரையில் வருவது என்ன, உண்மை என்ன, அது எந்த வகைப் பிழை என்று நான்கும் தெரியும்படி எழுத வேண்டும். 'படம் முழுக்கப் பிழை' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஒரே படத்திலிருந்து ஒரு மாதிரி தருகிறேன்.

'டைட்டானிக்' படத்தில் கதாநாயகன் ஜாக், தான் சிறுவனாக இருந்தபோது விசோட்டா ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடித்த கதையைக் கதாநாயகியிடம் சொல்கிறான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள அந்த ஏரி ஓர் அணையால் உருவானது. அணை முடிந்தது 1917இல், கப்பல் மூழ்கி ஐந்தாண்டுகள் கழித்து. இது வசனத்தில் வந்த காலமுரண். யாருக்கும் தீங்கில்லை. பதிவு செய்தால் போதும்.

நட்சத்திரங்களின் பிழையை மேலே சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்திவிட்டார்கள்.

மூன்றாவது, கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பற்றியது. படத்தில் அவர் உயிர்காப்புப் படகில் இடம் தருவதற்குப் பணம் வாங்குகிறார், பயணிகளைச் சுடுகிறார், பின் தன்னையே சுட்டுக்கொள்கிறார். அந்த இரவில் ஓர் அதிகாரி தற்கொலை செய்துகொண்டதாகச் சிலர் சாட்சி சொன்னது உண்டு. அவர் மர்டாக்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, அவர் லஞ்சம் வாங்கியதற்கு எந்தச் சான்றும் இல்லை. கடைசிவரை படகுகளை இறக்கிப் பலரைக் காப்பாற்றியவராகவே ஸ்காட்லாந்தில் உள்ள அவருடைய ஊரான டால்பீட்டி அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஊராரும் உறவினரும் எதிர்ப்புத் தெரிவித்தபின், 1998இல் படநிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டு, அவர் பெயரில் அவ்வூர்ப் பள்ளி வழங்கும் பரிசுக்கு 5,000 பவுண்டு கொடுத்தார். 2012 மறுவெளியீட்டில் வானத்து நட்சத்திரங்கள் சரியான இடத்துக்கு வந்தன. மர்டாக் வரும் காட்சி பழையபடியே இருக்கிறது.